சாங்கியில் நம்ம ஆள் பேய்

பேய்களுக்கு இன ஒதுக்கீடு உண்டா என்ற கேள்வி சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில்தான் பிறந்தது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இரவு பதினொன்றைத் தாண்டிய நேரம். நாசி லெமாக்கில் நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த கார்ப்பரல் திடீரென்று தலையைத் தூக்கி, "எல்லாப் பேயும் இருக்கு. நம்ம ஆள் எங்கடா?" என்றான்.

கார்ப்பரல் என்பது நாங்கள் வைத்த பெயர். தேசிய சேவையில் இரண்டு கோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். கோடுதான் அவனை விட்டு வெளியே வரவில்லை. தே தாரே வாங்கி வரச் சொன்னால்கூட "மூவ் அவுட்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில், மேட்டின்மேல் இருண்டு கிடந்தது பழைய சாங்கி மருத்துவமனை. 1997இல் டாக்டர், நர்ஸ், கட்டில், மெத்தை சகிதம் அது சீமெய்க்குக் குடிபோய்விட்டது. மனிதர் காலி செய்த வீட்டுக்கு அடுத்து யார் குடிவருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தே வருடத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் பேய்ப் பட்டியல் வார்டு வாரியாக மனப்பாடம். தலையில்லாத ஜப்பானியச் சிப்பாய் மாடிப்படியில் அணிநடை பழகுகிறார். வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி, யாரும் படுக்காத தள்ளுக்கட்டிலை விடியவிடியத் தள்ளுகிறாள். சீனத் தாத்தா ஒருவர் சன்னலோரம் நின்று சிகரெட் பிடிக்கிறார். பின்பக்க வாழைமரத்தில் மலாய்ப் பெண்பேய் பொந்தியானாக்.

"சீனர், மலாய்க்காரர், மற்றவர். மூணு கட்டமும் ரொம்பிடுச்சு," என்று விரலை மடக்கினான் கார்ப்பரல். "இந்தியர் கட்டம் மட்டும் காலி. இது அநியாயம் இல்லையா?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வலி புரியாது. சிங்கப்பூரில் பிறந்தவனுக்கு ரத்தப் பிரிவு தெரிவதற்கு முன்னால் இனப் பிரிவு தெரிந்துவிடும். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் இந்த இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கணக்கு. வீடு வாங்கவும் விற்கவும் அந்தக் கணக்கைத் தாண்டித்தான் வர வேண்டும். உயிரோடு இருக்கும்போது இவ்வளவு கறாராக இருக்கிற தேசத்தில், செத்த பிறகு மட்டும் ஒரு வளாகத்தில் இந்தியப் பங்கு பூஜ்யம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

எங்களோடு இருந்த இன்னும் இருவரைச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் பூசாரி. பூசாரி மகன்கூடக் கிடையாது. பாட்டி கட்டிக் கொடுத்த விபூதிப் பொட்டலம் இல்லாமல் லிஃப்டில்கூட ஏற மாட்டான், அதனால் வந்த பெயர். இன்னொருவன் எங்கள் மலாய் நண்பன். எங்களைவிட ஒரு வயது மூத்தவன் என்பதால் அபாங், அதாவது அண்ணன். எங்கள் தளத்திலேயே வளர்ந்ததால் எங்களைவிடத் தெளிவாகத் தமிழில் திட்டுவான். அவன் மாமாவின் ரொட்டி வேன்தான் எங்கள் போக்குவரத்து. சாங்கி வில்லேஜுக்கு வரும் 2ஆம் எண், 29ஆம் எண் பேருந்துகளை நம்பினால் திரும்பும்போது பேயோடுதான் விடிய வேண்டும்.

"பொந்தியானாக்கை எங்க கணக்குல எழுதாதே," என்றான் அபாங். "அவ யார் கணக்குலயும் வரமாட்டா."

அதுவும் உண்மைதான். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், மல்லிகை வாசனை என்றால் மோகினி. வெள்ளை உடுப்பு, விரித்த கூந்தல், கெம்போஜாப் பூ வாசனை என்றால் பொந்தியானாக். பூக்கடையை மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அடக்குகிற முறையும் ஒன்றே. நம் ஊரில் முடியை மரத்தில் சுற்றி ஆணி அடிப்பார்கள். இங்கே அவள் பிடரியிலேயே ஆணி அடித்துவிட்டால் அழகான பெண்ணாக மாறி, அடித்தவனுக்கே மனைவியாகிச் சமைத்துப் போடுவாளாம். இரண்டில் எது பெரிய தண்டனை என்று பூசாரி கேட்டான். பதில் சொல்லக் கல்யாணம் ஆனவர் யாரும் மேசையில் இல்லை.

பேசிக்கொண்டே இருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம். கார்ப்பரல் "மூவ் அவுட்" என்றுவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நெத்ராவன் சாலையில் வேனை ஓரங்கட்டியதும் அபாங் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "நான் வேனை விட்டு இறங்க மாட்டேன். எஞ்சினையும் நிறுத்த மாட்டேன்." அது சீனர்களின் ஏழாம் மாதம் வேறு. பேய்களுக்கு விடுமுறை கொடுத்து வெளியே அனுப்புகிற மாதம். சாலையோரம் யாரோ காகிதப் பணம் எரித்த சாம்பல், இரண்டு ஆரஞ்சுப் பழம், அணைந்த ஊதுபத்திகள். மேலே விளக்குக் கம்பத்தில் தேசிய தினத்துக்குக் கட்டிய கொடி.

வேலியில் எங்களுக்கு முன்னால் வந்த பெரியோர்கள் ஏற்கெனவே ஓர் ஆள் நுழைகிற ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் பலகை: "அபாயம்! உள்ளே நுழையாதீர்." நான்கு மொழியிலும் எழுதியிருந்தபடியால், "எனக்குப் புரியலை சார்" என்று போலீஸிடம் சொல்லவும் வழியில்லை. கார்ப்பரல் டார்ச்சை அதன்மேல் அடித்தான். "பாத்தியா? போகாதேன்னு சொல்றதுக்கு மட்டும் தமிழ் வேணும்."

நாங்கள் மூவர் உள்ளே போனோம். மூவரில் பள்ளியில் வரலாறு பாஸ் ஆனவன் நான் மட்டும் என்பதால், பயத்தை மறக்க ஏதாவது பேசிக்கொண்டே வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆகவே அன்றிரவு படியேறிக்கொண்டே நான் சொன்ன சாங்கி வரலாற்றை, மூச்சு வாங்கிய இடங்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.

1920களில் வெள்ளைக்காரருக்கு ஒரு பயம் பிடித்தது. ஜப்பான்காரன் கடல் வழியாக வருவான். செம்பவாங்கில் கட்டுகிற கடற்படைத் தளத்தைத் தொட வேண்டுமானால் சாங்கி முனையைத் தாண்டித்தான் நீரிணைக்குள் நுழைய வேண்டும். எனவே சாங்கியில் கோட்டை கட்டு! சதுப்பைத் தூர்த்துக் கொசுவை விரட்டி, கிச்சனர், ராபர்ட்ஸ், செலராங் என்று மூன்று படைமுகாம்களை எழுப்பினார்கள். பின்னாளில் ஆஸ்பத்திரியான இந்தக் கட்டடங்கள் 1930களின் நடுவில் கிச்சனர் முகாமைச் சேர்ந்து எழுந்தவை. கடற்காற்று, உயர்ந்த கூரை, அகல வராந்தா. குடியிருக்கப் பிரமாதமான இடம். சண்டை போடத்தான் தோதுப்படவில்லை.

கோட்டை என்றால் பீரங்கி வேண்டுமே. 15 அங்குல வாய் உள்ள பீரங்கி மூன்றை இந்தப் பக்கம் நட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு 1935இல் ஜொகூர் சுல்தான் ஐந்து லட்சம் பவுன் மொய் எழுதியிருந்தார். மொய் வைத்தவர் பெயரைப் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி அந்தப் பீரங்கி வரிசைக்கு ஜொகூர் பேட்டரி என்று பெயர் வெட்டினார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். கடல் வழியாக அல்ல. வடக்கே கோத்தபாருவில் கரையிறங்கி, மலாயாவின் நீளத்துக்கும் சைக்கிள் மிதித்து, கொல்லைப்புறமாக வந்தான். வாசலுக்கு மூன்று திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ் போடாத கதை. அந்தப் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திரும்பவே இல்லை என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள், அது அபவாதம். திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் அவற்றுக்குத் தந்திருந்தது பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கிற குண்டு. மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துகொள்ளும். கிணறு தோண்ட நல்ல குண்டு. ஆள் அடிக்க ஆகாது.

இன்னொரு வீரச் செயலையும் சொல்ல வேண்டும். சாங்கியில் பெரிய மரம் ஒன்று இருந்தது. 76 மீட்டர் உயரம் என்று கணக்கு, கடலில் வருகிற கப்பலுக்கே அடையாளம். அதைக் குறிவைத்து ஜப்பானியர் பீரங்கியைச் சரிசெய்துகொள்வார்கள் என்று 1942 பிப்ரவரியில் வெள்ளைக்காரரே வெட்டிச் சாய்த்தார்கள். அந்தப் போரில் சாங்கியில் அவர்கள் வீழ்த்திய ஆகப் பெரிய எதிரி அந்த மரம்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு அன்று, சரண். 'கோட்டை விட்டான்' என்ற சொல்லுக்கு எந்த இலக்கண வாத்தியாரும் இதைவிடப் பொருத்தமான உதாரணம் தர முடியாது. கிளம்புமுன் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த இடத்தில் புல் முளைத்து, புதர் மூடி, அடியில் இருந்த குண்டுக் கிடங்குச் சுரங்கங்களை எல்லாருமே மறந்துவிட்டார்கள். 1991இல்தான் சிறைத்துறைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். சூயிங்கம் எங்கே துப்பினாய் என்று கண்டுபிடிக்கிற நாட்டில் ஒரு பீரங்கி வரிசை அரை நூற்றாண்டு காணாமல் போயிருந்தது.

"சரி, பேய் எப்ப வருது?" என்றான் கார்ப்பரல். மேல்தளத்துக்கு வந்திருந்தோம்.

டார்ச் வெளிச்சம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அதில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது: உரிந்து சுருண்ட சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் பிடுங்கிய குழாய் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை, கழிவறையில் இன்னும் விழாத வெள்ளை ஓடு வரிசை, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி வாசலைப் பார்த்தபடி. மெழுகுவர்த்தி உருகிய கறைகள் தரையெங்கும். காலடியில் உடைந்த கண்ணாடி நெறுநெறுவென்றது. மருந்து வாசனை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது வௌவால் வாசனை.

சுவர் முழுக்கக் கிறுக்கல். காதல், சாபம், கெட்ட வார்த்தை, தொலைபேசி எண். சீனத்தில், மலாயில், ஆங்கிலத்தில். கார்ப்பரல் சுவர் சுவராக டார்ச் அடித்துத் தேடினான்; தமிழில் ஓர் எழுத்து இல்லை. "பேயும் இல்லை. பேய் பாக்க வந்தவனும் இல்லை," என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அந்தத் தலையில்லாத ஜப்பானியச் சிப்பாய் எப்படி இங்கே வந்தார் என்று கேட்டான் பூசாரி. அது எனக்கும் புரியாத விஷயம். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் இந்த வார்டுகளில் ஆட்களைச் சித்திரவதை செய்தது என்று ஊரே சொல்கிறது. ஆனால் கெம்பெய்தாய் ஊருக்கு நடுவே பழைய ஒய்எம்சிஏ கட்டடத்தில் அல்லவா அதையெல்லாம் செய்தது? போர்க்கைதிகளின் ஆஸ்பத்திரி என்று புத்தகங்கள் சொல்வது ராபர்ட்ஸ் முகாமை. அங்கேதான் ஸ்டான்லி வாரன் என்ற நோயாளிச் சிப்பாய், சீதபேதியில் எழுந்து நிற்க முடியாத நிலையிலும் தேவாலயச் சுவரில் ஏசுநாதர் படங்களை வரைந்தார். அந்தப் படங்களையும் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு 1958இல்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். மொத்தத்தில் செத்தவர்கள் ஒரு கட்டடத்தில், பேய்கள் இன்னொரு கட்டடத்தில். போருக்குப் பிறகு இங்கே இருந்தது வெள்ளைக்கார விமானப்படையின் ஆஸ்பத்திரி. அவர்கள் 1971இல் மூட்டை கட்டிய பிறகு கை மாறி, 1976 முதல் பொதுமக்களுக்கான மருத்துவமனை. டான்சில் வெட்டினார்கள், மூட்டுவலி பார்த்தார்கள். மூட்டுவலிக்காரர் பேயாக வந்து படியேறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"போர்க்கைதி பேயா வரலாம்ல?" கார்ப்பரல் விடவில்லை. "சாங்கியில அம்பதாயிரம் பேரை அடைச்சு வெச்சாங்கன்னு நீதானே சொன்னே? அதுல நம்மாள் எத்தனை?"

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சரணடைந்த 80,000க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். பிப்ரவரி 17 அன்று ஆட்களைப் பிரித்தார்கள். வெள்ளைக்காரரும் ஆஸ்திரேலியரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாங்கிக்கு நடந்தார்கள். இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, இவர்களை ஜப்பானிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்து மைக்கைப் பிடித்தவர்கள் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆக, செத்துப் பேயாவதற்கு முன்னாலேயே ஒதுக்கீடு நடந்து முடிந்திருக்கிறது. சாங்கி வெள்ளைக்காரனுக்கு. நமக்கு வேறு இடம்.

"அப்ப நம்மாள் ஒருத்தன்கூட சாங்கிக்கு வரலையா?"

"வந்தாங்க," என்றேன். "காவலுக்கு."

1942 செப்டம்பரில் தப்பிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போடச் சொல்லிப் போர்க்கைதிகளை வற்புறுத்தினார்கள் ஜப்பானியர். மாட்டோம் என்றவர்கள் 15,000க்கும் மேல். எல்லோரையும் செலராங் முகாமின் ஒற்றைச் சதுக்கத்தில் நாள் கணக்கில் நெருக்கி அடைத்தார்கள். தப்ப முயன்று பிடிபட்ட நால்வரைச் சாங்கிக் கடற்கரையில் நிறுத்திச் சுட்டார்கள். உத்தரவு ஜப்பானியருடையது. சுட்டவர்கள் இந்தியக் காவலர்கள். ஒரே தடவையில் முடியவும் இல்லை. பிறகு கைதிகள் கையெழுத்துப் போட்டார்கள், ஆஸ்திரேலியர் சிலர் தங்கள் ஊர்க் கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரில். அந்தக் கையெழுத்துக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கார்ப்பரல் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

அப்போதுதான் வாசனை வந்தது.

கெம்போஜா இல்லை. மல்லிகையும் இல்லை. காப்பி. கறுத்த, சீனி தூக்கலான காப்பியின் வாசனை, ஆளில்லாத வராந்தாவின் கோடியிலிருந்து மிதந்து வந்தது. பூசாரி என் சட்டையைப் பிடித்தான். செருப்புத் தேய்கிற சத்தம். ஒரு இருமல். அப்புறம் அந்த இருட்டிலிருந்து, கரகரத்த குரலில், சுத்தமான தமிழில்:

"எவன்டா அவன்?"

இதற்குத்தானே ஏங்கினோம்? ஐந்து வருடக் குறை தீர்ந்த புனிதமான நொடி. கை கூப்பி நின்றிருக்க வேண்டும். கார்ப்பரல் டார்ச்சை எறிந்துவிட்டு ஓடினான். தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்று தடவை ஃபெயில் ஆனவன், அன்று அந்தப் படிக்கட்டில் ஓடியதைப் படைத் தளபதி பார்த்திருந்தால் மூன்றாவது கோட்டைக் கையோடு தைத்துக் கொடுத்திருப்பார். பூசாரி விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக் குரல் வந்த திசையில் வீசினான். காற்று எதிர்த்திசையில். அத்தனையும் என் கண்ணில். பழனி முருகனே நேரில் வந்து நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஓடவும் முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்ற என் தோளில் ஒரு கை விழுந்தது. கை சூடாக இருந்தது.

"ஐசி எடு," என்றது குரல்.

அடையாள அட்டையான ஐசியைப் பேய் கேட்காது என்ற ஞானம் எனக்கு வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்குள் கீழே சாக்கடையிலிருந்து "அம்மா" என்று கார்ப்பரலின் அலறல் கேட்டது.

அவர் காவலாளி. அறுபதை நெருங்கியவர், காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பக்கத்து வளாகத்துக்குத்தான் காவல். இரவு இரண்டு நடை இந்தப் பக்கமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவர். ஐந்து நிமிடம் எங்கள் மூவரையும், எங்கள் பெற்றோரையும், எங்கள் பள்ளிக்கூடத்தையும் வரிசையாகத் திட்டினார். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னாடா இது, மாவு மில்லுல வேலை செஞ்சியா?" என்று கழுவத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். ஒரே மூடி; மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். கார்ப்பரல் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தான். இன்னொன்று இன்னும் அந்தச் சாக்கடையில்தான் கிடக்க வேண்டும்.

"மாமா, நீங்க இங்க பேய் எதுவும் பாத்ததில்லையா?" என்றான் பூசாரி.

"நாலு வருசமா ராத்திரி வேலை. நான் பாத்த ஒரே ஆவி, இந்தக் காப்பில வர்றதுதான்."

கார்ப்பரல் தன் குறையை அவரிடமும் வைத்தான். ஜப்பான்காரன் இருக்கிறான், வெள்ளைக்காரி இருக்கிறாள், நம்ம ஆள் ஒருத்தரும் இல்லை, ஏன்? நான் தெரிந்த மாதிரி ஃபேரர் பார்க் கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது பட்டாளத்துக்காரன் கதை. எஸ்டேட்டுக்காரன் கதை கேளு. எங்களுக்கு குளுவாங் பக்கம். நான் பொறக்கறதுக்கு முந்தின வருசம். எஸ்டேட்ல ஓசிப் படம் காட்றோம்னு ஜப்பான்காரன் கூப்பிட்டிருக்கான். ஓசிப் படம்னா எவனுக்குடா கசக்கும்? எங்க பெரியப்பா தலை சீவி, பவுடர் போட்டு, பெரியம்மாகிட்ட அரை மணியில வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. படம் ஓடிக்கிட்டு இருக்கப்பவே கதவைச் சாத்திட்டான். அப்படியே லாரி. அப்படியே ரயிலு. சயாம்."

கொஞ்சம் காப்பி குடித்தார்.

"பெரியம்மா சாகுற வரைக்கும் சினிமாக் கொட்டாய்ப் பக்கம் போகல. எனக்கு ஒண்ணுதான் குறை. என்னா படம்னு எவனுக்கும் தெரியல. எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன். எம்ஜியார் எல்லாம் அப்ப ஹீரோவே ஆகல. என்னாத்தைப் போட்டுருப்பான்?"

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட, சயாம் மரண ரயில் என்று நாம் சொல்கிற பாதை 415 கிலோமீட்டர். காட்டையும் மலையையும் வெட்டி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்துவிட்டார்கள். அதில் செத்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்து வரிசையாகக் கல் இருக்கிறது, புல் வெட்டி வைத்திருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழரும் மற்ற ஆசியத் தொழிலாளிகளும் பல பத்தாயிரம் பேர். காலராவிலும் பட்டினியிலும் போனவர்களை எண்ணி எழுதக்கூட யாரும் உட்காரவில்லை. இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வரலாற்றில் பாஸ் ஆனபோது எனக்கு இது தெரியாது.

"அவரு இங்க எப்படிடா வருவாரு?" என்றார் மாமா கார்ப்பரலைப் பார்த்து. "அங்கேருந்து பஸ்சா இருக்கு?"

போகும்போது நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பெயர் எழுதினால் போலீஸ், போலீஸ் என்றால் வீட்டுக்கு ஃபோன், ஃபோன் என்றால் அப்பா. டார்ச் வெளிச்சத்தில் மெதுவாக எழுதி, எங்களிடமே காட்டினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: "மணி 12.40. நாய் மூன்று. விரட்டியாகிவிட்டது."

வேனில் ஏறியதும் கார்ப்பரலின் முதல் வார்த்தை: "ராணுவத்துல இருந்தவனை நாய்னு எழுதிட்டாரு." நடந்ததைக் கேட்ட அபாங் சாங்கியிலிருந்து தெம்பனீஸ் வரை ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான். வேன் முழுக்க மறுநாள் ரொட்டியின் வாசனை.

அந்த மேட்டுக்கு அப்புறம் நான் போகவில்லை. 2006இல் அந்தக் கட்டடங்களை உல்லாச ஓய்வு விடுதியாக மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மசாஜும் மூலிகைக் குளியலுமாம். தலையில்லாத சிப்பாய்க்குக் கழுத்து மசாஜ் எப்படிச் செய்வார்கள் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதே அந்தத் திட்டம் கைகூடாமல் போனது. 2010இல் அதை வைத்துப் பேய்ப்படமே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் சாகசம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த என் சித்தி மகன், உயர்நிலை இரண்டில் படிக்கிறவன், முறுக்கைக் கடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, பழைய சாங்கி ஆஸ்பத்திரியில புதுசா ஒரு பேய் வந்திருக்காம். இந்தியப் பேய். காக்கிச் சட்டை போட்ட தாத்தா. முதல்ல காப்பி வாசனை வருமாம். அப்புறம் தமிழ்ல கூப்பிடுமாம். தோள்ல கை வெச்சு ஐசி கேக்குமாம். காட்டலைன்னா காப்பி குடுக்கும். அதை மட்டும் குடிக்கவே கூடாதாம், குடிச்சா நாயா மாறிடுவாங்களாம். நெஜமாவே ஒருத்தன் மாறியிருக்கான். செருப்பு மட்டும்தான் கிடைச்சுதாம்."

உடனே கார்ப்பரலுக்கு ஃபோன் போட்டேன். யார் பரப்பியது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எதிர்முனையில் ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இந்தியர் கட்டம் ரொம்பிடுச்சுடா," என்றான், குரல் தழுதழுக்க.

பக்கத்தில் பூசாரி இருந்திருக்கிறான். ஃபோனைப் பிடுங்கிக் கேட்டான்:

"டேய், மாமா மலேசியாக்காரராச்சே. ஒர்க் பெர்மிட்ல இருக்கறவரை எப்படிடா ஒதுக்கீட்டுல சேர்ப்பாங்க?"